விழுவதற்கு ஒரு வகுப்பு

"தடால்!"

பல் துலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே கூடத்துக்கு ஓடி வந்தார். பதினெட்டு வருடமாகப் பீங்கான் கடை நடத்துகிறவர். எங்கே என்ன சத்தம் கேட்டாலும், உடைந்தது தட்டா, கோப்பையா, ஜாடியா என்று அவர் காதே சொல்லிவிடும். இந்தச் சத்தம் அந்த மூன்றிலும் சேரவில்லை.

கூடத்தில், பழைய மெத்தைமேல் அவருடைய ஒன்பது வயது மகள் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முகத்தில் பரீட்சையில் முதலிடம் வாங்கிய களை.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"என்ன எப்படி இருந்துச்சு? சோபாவுலேர்ந்து விழுந்தியா?" நுரை தெறித்தது.

"ஆமாம்ப்பா. சூப்பரா விழுந்தேன். தலை கீழ படவே இல்ல, பார்த்தீங்களா?"

தரைக்கு அடியிலிருந்து டொக், டொக் என்று கம்பால் இடிக்கும் ஓசை வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர். "அண்ணே! என் டீயில சுண்ணாம்பு விழுது! சர்க்கரை போதும்னு பாப்பாகிட்ட சொல்லுங்க!"

கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே அவர் மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு அறை நர்ஸ் அவள்.

"இந்தா பாரும்மா. உடற்பயிற்சின்னு சொல்லித்தானே ஜூடோவுல சேர்த்தே? ரெண்டரை மாசம் ஆச்சு. விழறதைத் தவிர வேற ஒண்ணும் கத்துக்கிட்ட மாதிரித் தெரியலையே!"

"அங்க முதல்ல அதைத்தாங்க சொல்லித்தருவாங்க."

"விழறதுக்கு வகுப்பா? அதுல நம்ம சில்லு ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கினவளாச்சே! மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த கதையாவுல்ல இருக்கு!"

அவர் சொன்னதில் மிகை அதிகம் இல்லை. 'சில்லு' என்பது அவர் வைத்த செல்லப் பெயர். மகள் நடை பழகிய நாளிலிருந்து அவள் போன வழியெல்லாம் ஏதாவது சில்லு சில்லாகக் கிடந்தது. கதவு அகலமாகத் திறந்திருந்தாலும் நிலையில் போய் இடித்துக்கொள்வாள். சமதரையில் தடுக்குவாள். வலக்கால் கிழக்கே போனால் இடக்கால் யோசித்துக்கொண்டு நிற்கும். ஐந்து வயதில் ஒருமுறை கடைக்குள் வந்து, திரும்பிய வேகத்தில் இரண்டு டஜன் கோப்பைகளுக்கு ஒரே நாளில் காரியம் செய்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குக் கடை வாசற்படியோடு சரி.

பள்ளியின் விளையாட்டு ஆசிரியர்தான் ஒருநாள் தாயைக் கூப்பிட்டுச் சொன்னார், இவளால் ஒற்றைக் காலில் ஐந்து விநாடிகூட நிற்க முடியவில்லை என்று. தாய் பயந்துபோய்க் கண், காது, நரம்பு என்று எல்லாவற்றையும் சோதித்தாள். கடைசியில் பெரிய டாக்டர் காகிதங்களை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "உடம்புல ஒரு குறையும் இல்ல சிஸ்டர். உடம்போட அறிமுகம்தான் இன்னும் ஆகல. ஓட விடுங்க, உருள விடுங்க, எதாவது சண்டைப் பயிற்சியில சேருங்க. தன் கை காலு எங்க இருக்குன்னு தானே தெரிஞ்சுக்குவா."

நர்ஸ் ஜூடோவைத் தேர்ந்தெடுத்ததற்கு அவளுடைய வேலையே காரணம்.

"வாரத்துக்கு நாலு பிள்ளைங்களாவது எங்ககிட்ட வருதுங்க," என்றாள் இப்போது, ரொட்டியை டப்பாவில் அடைத்தபடி. "எல்லாம் ஒரே மாதிரி. விழறப்ப கையை ஊனிடறது. மணிக்கட்டு போயிடறது. நல்லா விழத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணுகூட என் மேசைக்கு வந்ததில்ல. அவளைப் பத்திக் கவலைப்படாம வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க, நுரை சட்டையில ஒழுகுது."

அவர் கொப்பளித்துவிட்டு வந்தபோது, மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது. வகுப்பிலிருந்து வந்த ஒப்புதல் சீட்டு. அடிப்படைப் பயிற்சி முடிந்தது; இனி பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடக் கற்பார்கள்; பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதியிருந்தது. தாயின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

'தூக்கிப் போட' என்ற இடத்தில் கடைக்காரரின் விரல் நின்றது.

"தூக்கிப் போடறதா? இவளையா?"

"இவளும் மத்தவங்களைப் போடுவா," என்றாள் சில்லு, வாசலில் நின்று காலுறையை மாட்டிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொடுக்கணும்ப்பா. கொடுக்கலன்னா மறுபடி சின்னப் பசங்களோட முதல்லேர்ந்து. அதுக்கு நான் போகவே மாட்டேன்."

அவள் கண் தளும்பியது. பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டுக்கும் கடைசி ஆளாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவள் அவள். முதன்முதலாக ஓர் இடத்தில், "இங்க பாருங்க, இவ எப்படி விழறான்னு" என்று மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கைவிட அவளுக்கு மனம் இல்லை.

தாய் மட்டும் வேறொன்றைக் கவனித்தாள். சில்லு நின்றுகொண்டே காலுறை மாட்டுகிறாள். சுவரைப் பிடிக்கவில்லை. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று, பேசிக்கொண்டு, கண்ணீரும் விட்டுக்கொண்டு, அடுத்த காலுக்கும் மாட்டி முடித்துவிட்டாள். இரண்டரை மாதத்துக்கு முன்னால் இதற்குத் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் போராடுவாள். கணவரிடம் சொல்லத் திரும்பினால், அவர் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க," என்றாள். "பார்க்காம வேண்டாம்னு சொல்லாதீங்க."

*

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், ஒரு காலத்தில் டயர் அடுக்கிவைத்திருந்த கொட்டகையில் வகுப்பு நடந்தது. தரை முழுக்கப் பச்சை மெத்தைப் பலகைகள். மாஸ்டர் என்றதும் மீசையும் தொந்தியுமாக ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு போன கடைக்காரர், உள்ளே நுழைந்ததும் திகைத்தார். மாஸ்டர் ஒரு பெண். முப்பது சொச்சம் வயது, கடைக்காரரின் தோளுக்குத்தான் வருவார். காலையில் பேருந்து ஓட்டுகிறவர், மாலையில் பிள்ளைகளை ஓட்டினார்.

"உள்ள போ, உள்ள போ! முன்னாடி எவ்வளவு இடம் இருக்கு! நடுவுல நிக்காதே தம்பி, நீ என்ன கண்டக்டரா?"

பன்னிரண்டு பிள்ளைகள் நண்டு மாதிரிப் பின்புறமாக நடந்தன. பிறகு தவளை மாதிரித் தாவின. பிறகு ஒரு தோள்மேல் உருண்டு எழுந்து நின்றன. அதற்குப் பிறகு ஒற்றைக் காலில் நொண்டியபடி ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தன. கடைக்காரர் தன் மகளைத் தேடினார். அவர் கண் வழக்கம்போல யார் தடுக்கி விழுகிறார்களோ அங்கே தேடியது. அங்கே இல்லை. மூன்று சுற்று ஓடிய பிறகுதான் தெரிந்தது, வரிசையின் முன்னால் போகிற அந்த வெள்ளை உடுப்புக்காரிதான் சில்லு.

"வந்த அன்னிக்கு ஒத்தக் கால்ல நாலு செகண்ட் நின்னா," என்றார் மாஸ்டர், அவர் பக்கத்தில் வந்து நின்று. "போன வாரம் நாப்பத்தொண்ணு. குனிஞ்சா முட்டியத்தான் தொட்டா, இப்ப கால் கட்டை விரலைத் தொடறா. ரெண்டு சுத்துக்கே மூச்சு வாங்கினவ, இப்ப பத்து சுத்து ஓடிட்டு என்கிட்ட வந்து ஜோக் சொல்றா. ஜோக்கு மட்டும் இன்னும் தேறல."

"எல்லாம் சரிங்க மாஸ்டர். ஆனா ஏன் இவ்வளவு விழணும்?"

"விழ பயப்படற பிள்ளை உடம்பை இறுக்கிக்கும். இறுக்கின உடம்புதான் தடுக்கும். பயம் போச்சுன்னா நடையே மாறிடும்." மாஸ்டர் பிள்ளைகள் பக்கம் கத்தினார். "கைய விடு! விழறப்ப கையில எது இருந்தாலும் விட்டுடு! பிடிச்சுக்கிட்டே விழுந்தீன்னா கை போயிடும்!"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னங்க இப்படிச் சொல்லித்தர்றீங்க? எங்க தொழில்ல விட்டா போச்சு!"

"எங்க தொழில்ல விடலன்னா போச்சு," என்றார் மாஸ்டர்.

இரண்டு தொழிலும் ஒன்றை ஒன்று ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தன. பிறகு மாஸ்டர் சிரித்துவிட்டு, பெஞ்சில் ஏறிக் குதிக்கப்போன ஒருவனின் காலரைப் பிடிக்க ஓடினார்.

*

கடையில் ஒரு விதி உண்டு. கடைக்காரரின் அப்பா காலத்திலிருந்தே உண்டு. 'சரக்கு மேல, சரீரம் கீழ.' கால் வழுக்கினாலும், ஏணி சாய்ந்தாலும், கையில் இருக்கும் சாமானைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் விழ வேண்டும். இந்த விதிக்கு உயிருள்ள சாட்சி, சாமான்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைக்கும் ஊழியர். எல்லாருக்கும் அவர் வைக்கோல் மாமா. அவருடைய முழங்கைகளில் தழும்பு இல்லாத இடமே கிடையாது. கேட்டால் பதக்கம் காட்டுவது போலக் காட்டுவார்: "இது சூப் கிண்ணம். இது மீன் தொட்டி. இது என் கல்யாணத்துக்கு மொத நாள் விழுந்தது, டின்னர் செட்டு. மாப்பிள்ளை கையில கட்டு, ஆனா செட்டுல ஒரு கீறல் கிடையாது!"

வகுப்பைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சரி. ஒரு ஒப்பந்தம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைக்கு வா. ஆறு தட்டு. வாசல்லேர்ந்து கல்லா மேசைவரைக்கும் கொண்டுவரணும். ஒண்ணும் உடையலன்னா அங்கயே கையெழுத்து. உடைஞ்சுதுன்னா ஜூடோவை மறந்துடு. நடக்கற வழியில ஆறு தட்டைக் காப்பாத்த முடியாதவ, ஒரு ஆள் தூக்கிப் போட்டா தன்னை எப்படிக் காப்பாத்திக்குவா?"

தாய் வாயைத் திறந்தாள். சில்லு முந்திக்கொண்டாள்.

"கடைக்குள்ளயா? நானா? நிஜமாவா?"

"நிஜமா."

"பெரிய தட்டா, சின்னத் தட்டா?"

"சாப்பாட்டுத் தட்டு."

"சரி. ஆனா எனக்கும் ஒரு நிபந்தனை." சில்லு விரலை நீட்டினாள். "நான் நடக்கறப்ப நீங்க 'பார்த்து, பார்த்து'ன்னு கத்தக்கூடாது. நீங்க கத்தினா நான் உங்களைத்தான் பார்ப்பேன், தரையைப் பார்க்க மாட்டேன்."

"நான் எங்கடி கத்தறேன்?"

தாயும் மகளும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

"சரி, சரி. வாயைத் திறக்க மாட்டேன்."

வாரம் முழுவதும் சில்லு எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வலம் வந்தாள். முதல் நாள் ஏழு முறை போட்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மேலேயே வந்து, "பாப்பா, டீ குடிக்கறதை நான் விட்டுட்டேன், நீ நடத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் இரண்டு முறை. வெள்ளிக்கிழமை தட்டடுக்கோடு மாடிப்படியே ஏறி இறங்கினாள். ஏறும்போது அவள் காலடிச் சத்தம் கேட்கவில்லை என்பதைத் தாய் கவனித்தாள். ஒரு காலத்தில் சில்லு படியேறினால் தெருமுனைக்கே தெரியும்.

சனிக்கிழமை கடையில், பரீட்சைக்கான தட்டுகளைக் கடைக்காரரே தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்த்துத் திரும்ப வைத்தார். கடைசியில் விளிம்பில் வரிவரியாகச் சொரசொரப்பு உள்ள ஆறு தட்டுகளை எடுத்தார்.

வைக்கோல் மாமா கண்ணைச் சிமிட்டினார். "என்ன முதலாளி, வழுக்காத தட்டாப் பார்த்து எடுக்கறீங்க? வினாத்தாள் எடுக்கற வாத்தியாரே பதிலும் எழுதி வைக்கறாப்புல இருக்கே?"

"வாயை மூடிக்கிட்டு வைக்கோலைச் சுத்துங்கண்ணே."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தாய்க்கு அன்று வேலை நாள், வர முடியவில்லை. முந்தின நாள்தான் புதுச் சரக்கு வந்திருந்ததால் திறந்த பெட்டிகளும் வைக்கோலுமாகக் கடை கலைந்து கிடந்தது. நடைபாதை ஒரு ஆள் அகலம். இடப்பக்கம் கண்ணாடித் தம்ளர்கள், வலப்பக்கம் கிண்ணங்கள். மகள் வரும் வழியில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது என்று கடைக்காரர் மூன்று தடவை பெருக்கினார். குறுக்கே கிடந்த மரப்பெட்டியைக் காலால் தள்ளிக் கல்லா மேசையோரம் கொண்டுபோய் விட்டார்.

வாசலில் வைக்கோல் மாமா தட்டுகளைச் சில்லுவின் கைகளில் அடுக்கினார். "பாப்பா, நம்ம விதி ஞாபகம் இருக்குல்ல? சரக்கு மேல..."

"மாமா, இப்பப் பேசாதீங்க."

சில்லு மூச்சை இழுத்து விட்டாள். நடக்க ஆரம்பித்தாள்.

கடைக்காரர் வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் சும்மா நிற்கவும் முடியவில்லை. நடை பழகும் குழந்தைக்கு முன்னால் போவது போல, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, மகளுக்கு எதிரே பின்புறமாக அடி எடுத்துவைத்துக்கொண்டே போனார். அவள் ஓர் அடி வந்தால் அவர் ஓர் அடி பின்னால்.

பாதி தூரம் தாண்டியாயிற்று. சில்லுவின் தோள் இறுகவில்லை. முழங்கால் லேசாக மடிந்து, பாதம் முழுவதும் தரையில் படிந்து, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவது கண்ணால் பார்க்கும்படி இருந்தது. ஒரு தம்ளர்கூடச் சிணுங்கவில்லை. தன் மகள் நடந்து வருவதைக் கடைக்காரர் அன்றுதான் உண்மையில் பார்த்தார். இத்தனை வருடமும் அவள் அடுத்து எதை உடைப்பாள் என்று சாமான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

'பரவாயில்லையே... என் பொண்ணா இது!' என்று நெஞ்சு நிறைந்த அதே நொடியில், அவர் கெண்டைக்காலில் மரப்பெட்டி இடித்தது. அவரே தள்ளிவைத்த பெட்டி.

கடைக்காரர் ஆடினார். கைகள் காற்றாடியாகச் சுழன்றன. இடக்கை கல்லா மேசைமேல் இருந்த பெரிய பூ ஜாடியில் பட்டது, ஜாடி சரிந்தது. பதினெட்டு வருடப் பழக்கம் அவரைக் கேட்காமலே அதைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியது.

"விட்டுடுங்கப்பா!" என்று சில்லு அலறியது கேட்டது.

அவர் விடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்தார். மணிக்கட்டில் 'மளுக்'. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அந்த இருட்டில் இன்னொரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டவுடனே காது சொல்லிவிட்டது: சாப்பாட்டுத் தட்டு. ஆறு.

தலை மட்டும் எதிர்பார்த்தபடி இடிக்காமல் மெத்தென்று எதன்மேலோ இறங்கியது. நல்லவேளை, வைக்கோல் என்று நினைத்துக்கொண்டார்.

"சரக்கு மேல, சரீரம் கீழ! சபாஷ் முதலாளி!" வைக்கோல் மாமா வாசலிலிருந்து கை தட்டிக்கொண்டே ஓடி வந்தார். ஜாடி முழுசாக இருந்தது. அதை வாங்கி வைத்துவிட்டுக் குனிந்தவர், முதலாளியின் வலக்கை போகக் கூடாத பக்கம் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்ததும், தன் தோள் துண்டை உருவி அதற்குத் தொட்டில் கட்டினார்.

கடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் முட்டி போட்டபடி சில்லு இருந்தாள். சுற்றிலும் வரிவரியான விளிம்புத் துண்டுகள்.

"ஆறும் போச்சுப்பா," என்றாள் மெதுவாக.

*

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. மாவுக்கட்டு அறையின் வாசலில் கணவரும் மகளும் வந்து நின்றதைப் பார்த்ததும், நர்ஸின் கை தானாகவே குழந்தைகள் அளவு கட்டுத் துணி இருக்கும் அலமாரியைத் திறந்தது.

"எந்தக் கை? எங்க விழுந்தா? மயக்கம் எதாவது வந்துச்சா?"

"அம்மா, நான் இல்ல," என்றாள் சில்லு.

கடைக்காரர் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட மாணவன் மாதிரி வலக்கையைத் துண்டில் தொங்கவிட்டபடி காட்டினார். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரியை மூடிவிட்டுப் பெரியவர்கள் அலமாரியைத் திறந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"கையை ஊனினீங்களா?"

"ஊனினேன்."

"இன்னொரு கையில என்ன இருந்துச்சு?"

"ஜாடி."

"ஜாடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார், குரல் இறங்கி.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மெல்லிய விரிசல்தான், ஐந்து வாரக் கட்டு. நர்ஸ் ஈரத் துணியைச் சுற்றச் சுற்ற, மாவு இளஞ்சூடாகக் கையைப் பிடித்துக்கொண்டது. சில்லு மூலை ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்கல. அவமானமா இருக்கு." கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "உங்க மாஸ்டர் பொம்பளை சொன்னது சரிதான். விடத் தெரியணும். அந்த ஜாடி போனா இன்னொரு ஜாடி. நானும் எங்கப்பாவும் வைக்கோல் அண்ணனும் இத்தனை வருஷமா முழங்கையை ஒடச்சுக்கிட்டுப் பீங்கானைக் காப்பாத்தியிருக்கோம். எங்க அந்தச் சீட்டு? உன் பாக்கெட்லதானே இருக்கும்?"

சில்லு தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம்ப்பா. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். ஆறும் உடைஞ்சுபோச்சு."

"ஏய், பெரிய நியாயஸ்தி! நான்தான் போடறேன்னு சொல்றேன்ல?"

"அப்படி இரக்கப்பட்டுப் போட்டா எனக்கு வேண்டாம்."

"இரக்கம் இல்லடி. நாலில் மூணு பங்கு தூரம் நீ நடந்ததை நான் கண்ணால பார்த்தேன். அந்த மாதிரி என்னாலகூட நடக்க முடியாது. நான் விழுந்த அதிர்ச்சியில நீ தடுக்கிட்டே. அது யாருக்கும் வர்றதுதான். கொண்டா சீட்டை."

தயங்கித் தயங்கிச் சில்லு பாக்கெட்டுக்குள் கையை விட்டு, நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் இடக்கையால் பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்தே கோழி கிளறியது போல வந்தது. இரண்டாவது எழுத்துக்கு நாக்கைத் துருத்திக்கொண்டு போராடினார்.

நர்ஸ் கட்டைத் தடவிச் சமப்படுத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவள் கண் மகளின் நீட்டிய கையில் நின்றிருந்தது.

"சில்லு, இங்க வா. ரெண்டு கையையும் காட்டு."

"ஒண்ணும் இல்லம்மா."

"காட்டுன்னு சொன்னேன்."

சில்லு காட்டினாள். உள்ளங்கைகள் சுத்தமாக இருந்தன. நர்ஸ் அவற்றைத் திருப்பினாள். இரண்டு புறங்கைகளிலும் விரல் முட்டிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"தடுக்கி விழுந்தவளுக்கு உள்ளங்கையிலதான் சிராய்க்கும்," என்றாள் நர்ஸ். "தினம் பார்க்கறேன், எனக்குத் தெரியும். புறங்கையில எப்படி அடிபட்டுச்சு? நீ விழவே இல்ல, இல்ல?"

கடைக்காரரின் பேனா நின்றது.

"தட்டு எப்படிடி விழுந்துச்சு?" என்றார்.

சில்லு கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"விழலப்பா, நான்தான் விட்டேன். உங்க தலை கல்லா மேசையோட இரும்புக் காலுக்கு நேரா வந்துச்சு. பிடிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்ல?"